பொழுதுபடும் பக்கத்துக் கடல்

நான் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்தவள். எங்களுக்குக் கடல் என்றால் சூரியன் வருகிற பக்கம். விடியப்புறம் வலை இழுப்பவர்களின் சத்தம் கேட்டு எழும்பிப் போனால், கரையில் நிற்கும்போதே தண்ணீருக்குள்ளிருந்து செம்புக்குடம் போல மேலே வரும். பொழுதுபடுவதோ வீட்டுக்குப் பின்பக்கம், வாவிக்கு அப்பால், தென்னைகளுக்குப் பின்னால். சூரியன் கடலுக்குள் இறங்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை.

கண்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்து இரண்டாம் நாள். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சும்மா நடந்தேன். ஒழுங்கையின் முடிவில் மரைன் டிரைவ், அதைக் கடந்தால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கற்கள், அதற்கு அப்பால் அது. பென்னாம்பெரிய செவ்வட்டம் கடலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றி யாரும் அதிசயப்படவில்லை. ஒருவர் நாயோடு நடந்தார், இரண்டு பேர் வீட்டு வாடகை பற்றிக் கதைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு அடைத்தது. அது முழுகி முடியும்வரை அசையவில்லை.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடங்கள். கொழும்பில் நான் பொழுதுபடுவதைப் பார்க்காத கிழமை குறைவு. இந்த நகரத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் கடல், வடக்கே முகத்துவாரத்திலிருந்து தெற்கே கல்கிசை வரைக்கும். அந்தக் கரையில் நான் நின்று பார்க்காத இடம் அநேகமாக இல்லை. எங்கே நிற்கவேண்டும், எந்த மாதம் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

முதலில் ரயில். கொழும்புக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் எந்தக் கடற்கரைக்கும் அழைத்துப்போவதில்லை, கோட்டை ரயில் நிலையத்துக்குத்தான் அழைத்துப்போவேன். பின்னேரம் தெற்கே போகும் ஏதாவதொரு அலுவலக ரயில். பாணந்துறை, களுத்துறை, அளுத்கம, எதுவானாலும் சரி. வலது பக்கம் நிற்கவேண்டும், அவ்வளவுதான் விதி. செயலகம் தாண்டி, கொம்பனித்தெரு தாண்டி, கட்டடங்களுக்கும் மதில்களுக்கும் நடுவே ரயில் நெளிந்து போகும். கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது மதில்கள் சட்டென்று விலகும். ஒரு பெட்டி நிறைய வேர்வையும் களைப்புமாக நிற்கிற சனத்தின் முகத்தில் ஒரே நேரத்தில் பொன்னிறம் வந்து விழும். தூங்கி விழுகிறவரின் வழுக்கையில், பிள்ளையின் பாடசாலைப் பையில், கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில், எல்லாவற்றிலும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை: இந்த ஐந்து நிலையங்களுக்கு இடையில் கடல் கையெட்டும் தூரத்தில் வருகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அலை கற்களில் மோதித் தெறித்தால் வாசலில் நிற்பவரின் சட்டை நனையும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதருக்குத் தினமும் இப்படி ஒரு காட்சியைக் கொடுக்கிற நகரம், மூன்றாம் வகுப்புச் சீட்டு விலைக்குக் கொடுக்கிற நகரம், எனக்குத் தெரிந்து வேறில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே. ஆகவே வருடம் முழுவதும் கொழும்பில் சூரியன் மறையும் நேரம் ஏறக்குறைய நாற்பது நிமிட அளவில்தான் ஊசலாடும். நவம்பர் முற்பகுதியில் மாலை 5.50 அளவில் மறைந்துவிடும், ஜூலை நடுப்பகுதியில் 6.30ஐத் தொடும். ஆனால் மறைகிற இடம் நன்றாகவே நகரும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நேர் மேற்கு. டிசம்பரில் அதற்கு இடப்புறமாக 23 பாகைக்கு மேல் தெற்கே போய்விடும், ஜூனில் அதேயளவு வலப்புறம். ஒரே கல்லில் வருடம் முழுவதும் இருந்து பார்த்தால், சூரியன் கடலின் விளிம்பில் இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தத்துக்கு நடந்துபோய்த் திரும்பி வருவதைக் காணலாம். நான் கண்டிருக்கிறேன்.

காலி முகத்திடலுக்கு வருகிறேன். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பின்னால் வருகிறவர்கள் இதைக் காப்பாற்றவேண்டும் என்று கேட்டு ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குதிரை ஓடிய திடல் அது. இன்றைக்கு ஓடுவது பிள்ளைகள், பறப்பது பட்டங்கள். கடற்காற்று ஒருபோதும் கைவிடாத இடமாதலால் பாம்புப் பட்டமும் பருந்துப் பட்டமும் கண்ணுக்கெட்டாத உயரத்தில் நிற்கும். சூரியன் இறங்கும் கட்டத்தில் பட்டங்களெல்லாம் கறுப்பு நிழலாகிவிடும், வால் மட்டும் மினுங்கும்.

அங்கே வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பார்கள், நான் வெறும் வயிற்றோடுதான் போகவேண்டும் என்பேன். இஸ்ஸோ வடை இருக்கிறதே! பருப்பு வடையின் மேல் இறால்களை முழுசாகப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் காரமும் போட்டு ஒரு குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை. உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய அன்னாசி. மாங்காய் அச்சாறு. கையில் வடை, நாக்கில் உறைப்பு, கண்ணில் கடலும் சூரியனும்! இதைவிட ஒரு மாலை எனக்கு வேண்டாம்.

நோன்பு மாதத்தில் போய்ப் பாருங்கள். புல்லில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கஞ்சிப் பாத்திரம், பேரீச்சம்பழம், சமோசா. எல்லாருடைய கண்ணும் மேற்கே. அந்தத் திடலிலேயே சூரியனை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். பாங்கு கேட்டதும் கைகள் பேரீச்சம்பழத்துக்குப் போகும். ஒருமுறை பக்கத்துப் பாயிலிருந்த தாத்தா ஒருவர், தனியாக நின்ற என்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பை கஞ்சி தந்தார். "சாப்பிடுங்க மகள், சூரியன் போயிட்டுது" என்றார். அந்தக் கஞ்சியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

2022 ஏப்ரல் 9ஆம் திகதியிலிருந்து அந்தத் திடலில் மக்கள் அரசுக்கு எதிராகக் கூடாரம் போட்டுக் குந்தியிருந்த நாட்களிலும் நான் போனேன். பெற்றோலும் இல்லை, எரிவாயுவும் இல்லை, நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரமும் இல்லை. சூரியனுக்கு மட்டும் வெட்டு இல்லை. சிங்களத்திலும் தமிழிலும் கோஷம் போட்டவர்கள் ஐந்து நிமிடம் கோஷத்தை விட்டுக் கடலைப் பார்த்ததையும், பிறகு இருட்டில் ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசி விளக்குகள் எழும்பியதையும் நான் நேரில் பார்த்தேன். அந்தப் பொழுதை மறக்கமாட்டேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. திடலுக்கு வடமேற்கே இப்போது துறைமுக நகரம் இருக்கிறது, கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம். ஜூன், ஜூலையில் சூரியன் வலப்புறமாக விழுவதால், திடலின் வடக்கு முனையில் நின்றால் அந்த நிலம் குறுக்கே வரும். அந்த மாதங்களில் தெற்கு முனைக்கு, 1864இல் திறந்த பழைய ஹோட்டலின் பக்கமாக வந்துவிடுங்கள். டிசம்பரில் எங்கே நின்றாலும் வெறுங்கடல்.

இன்னொன்று, போயா தினம். பௌர்ணமி தோறும் இந்த நாட்டில் விடுமுறை என்பது எவ்வளவு பெரிய கொடை! முழு நிலவு சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டித்தான் கிழக்கே எழும்பும். காலி முகத்திடலில் போயா அன்று நின்றால் முன்னால் சூரியன் போகும், திரும்பினால் நகரத்துக் கட்டடங்களுக்கு மேலே மஞ்சளாக நிலவு வரும். பிள்ளைகளைத் தோளைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டியிருக்கிறேனோ.

எல்லாரும் செய்கிற ஒரு பிழையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சூரியனின் கடைசித் துண்டு மறைந்ததும் கைதட்டிவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். ஐயோ, போகாதீர்கள்! வட்டத்தின் அடி கடலைத் தொட்டதிலிருந்து முடி மறைகிறவரை எங்கள் ஊரில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுக்கும். கதை அதற்குப் பிறகுதான். நாங்கள் நிற்கிற தரைக்கு வெளிச்சம் போய்விட்டது, மேலே உயரத்தில் இருக்கும் முகில்களுக்கு இன்னும் போகவில்லை. அவை அடிப்பக்கத்தில் பற்றிக்கொள்ளும். முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு பீர்க்கம்பூவும் செவ்வரத்தையும் கலந்த ஒரு நிறம், பிறகு கத்தரிப்பூ. பத்து நிமிடம், கால் மணி நேரம். எங்கள் அம்மம்மா இதைச் செக்கல் என்பார். "செக்கலுக்குள்ள வீட்ட வந்திரு" என்று சொல்லித்தான் வெளியே விடுவார். செக்கல்! செம்மையும் கருமையும் ஒன்றுக்குள் ஒன்று போகிற அந்த நேரத்துக்கு இதைவிட வடிவான சொல் வேறெந்த மொழியிலாவது இருக்குமா? அம்மம்மா வீட்டுக்குள்ளே கூப்பிட்ட நேரத்தில் நான் இப்போது வெளியே நிற்கிறேன்.

முகில் இல்லாத வானம்தான் நல்லது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜனவரி, பெப்ரவரியில் கொழும்புக் கடல் குளம் போலக் கிடக்கும், வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். அப்போது சூரியனின் வட்டத்தைச் சுத்தமாகப் பார்க்கலாம். அடிப்பக்கம் நசுங்கி, பூசணிக்காய் போல ஆகி, அப்படியே கரையும். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் வருகிற நசுங்கல் அது. அந்த வளைவால்தான், கடலின் விளிம்பில் வட்டம் உட்கார்ந்திருப்பதாக நாங்கள் காணும்போது உண்மையான சூரியன் ஏற்கெனவே விளிம்புக்குக் கீழே போய்விட்டிருக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒரு பெப்ரவரியில், கடைசித் துளி ஒரு கணம் பச்சையாக மின்னியதைக் கண்டேன். ஒரே ஒருமுறை. அதற்காகவே ஒவ்வொரு பெப்ரவரியும் காத்திருக்கிறேன்.

என்றாலும் என் மாதங்கள் ஒக்டோபரும் நவம்பரும். மத்தியானத்துக்குப் பிறகு இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். நாலரை, ஐந்துக்கு மழை விட்டுவிட்டால், தூசியெல்லாம் கழுவுண்ட வானத்தில் உயரமான முகில்கள் அடுக்கடுக்காக நிற்கும். அன்றைக்கு வேலையை எறிந்துவிட்டு ஓடவேண்டும். வானத்தின் பாதி பற்றி எரியும், ஈரமான மரைன் டிரைவில் அதன் மற்றப் பாதி கிடக்கும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை வெறுங்கையோடு திரும்பும் நாட்களும் உண்டு. அப்போது அலையைப் பார்க்கலாம், அதுவும் பெரிய காட்சி.

கல்கிசைக்கு ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்குங்கள். கொழும்பில் மணலில் கால் புதைத்துச் சூரியனைப் பார்க்கவேண்டுமென்றால் அங்கேதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் ஆளுநர் சேர் தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் கட்டத் தொடங்கிய மாளிகை இருக்கிறது, இப்போது ஹோட்டல். லொவினா என்ற நடனக்காரியை அவர் காதலித்ததாகவும், அவள் இரகசியமாக வந்துபோகச் சுரங்கப்பாதை இருந்ததாகவும் ஒரு கதை. கதை எவ்வளவு மெய்யோ, அந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு மாலை வெளிச்சம் பிடித்திருந்தது என்பது எனக்கு மெய். அங்கே திண்ணையில் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்தால் வடக்கே கொழும்பு நகரம் முழுவதும் வளைந்து தெரியும். சூரியன் போன பிறகு அந்தக் கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். கீழே மணலில் பிள்ளைகள் இருட்டும்வரை கிரிக்கெட் அடிப்பார்கள், பந்து தெரியாமல் போனால்தான் ஆட்டம் முடியும்.

தாமரைக் கோபுரத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும், ஆனால் அந்த ஒருமுறையைத் தவறவிடாதீர்கள். 350 மீட்டர் உயரக் கோபுரம், 2022 செப்டம்பரில் மக்களுக்குத் திறந்தது. பார்வை மாடம் 200 மீட்டருக்கும் மேலே இருப்பதால் தொடுவானம் தூரப் போய்விடும். ஆகவே கரையில் நிற்பவர்களுக்கு முழுகிவிட்ட சூரியன், மேலே நிற்பவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கூடுதலாக இருக்கும். பேரை வாவி அடியில் செம்பு உருக்கி ஊற்றியது போலக் கிடக்கும், கூழைக்கடாக்கள் அடைவதற்குப் பறந்து வருவதை முதுகுப் பக்கமாகப் பார்க்கலாம்.

யாரும் சொல்லாத இடம் ஒன்று சொல்கிறேன்: மட்டக்குளியிலே காக்கைத்தீவு. சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து ஓடி வருகிற களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். சூரியன் ஒரு கப்பலுக்குப் பின்னால் போய் மறைந்து, மறுபக்கம் எட்டிப்பார்த்துவிட்டு இறங்கும். ஆற்று நீரின் பழுப்பும் கடலின் நீலமும் சேருகிற கோட்டில் அந்த வெளிச்சம் விழும்போது இரண்டு நீருக்கும் நிறம் ஒன்றாகிவிடும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துச் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பொட்டலத்தோடு வரும். கொழும்பு வடக்கின் கடற்கரை இது, அதைத் தெற்கிலிருப்பவர்கள் வந்து பார்ப்பதில்லை என்பதில் எனக்கு மனக்குறை உண்டு.

எங்கே போய்ச் சுற்றினாலும் நான் திரும்பி வருவது வெள்ளவத்தைக்குத்தான். இங்கே மணல் இல்லை, நடைபாதைக் கடைகளின் ஆரவாரமும் இல்லை. கரும்பாறைக் கற்களும் தண்டவாளமும் மட்டும். ஆனால் பொழுதுபடுகிற நேரம் ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் சனம் இறங்கி வரும். சாறனோடு ஐயாமார், வீட்டுச்சட்டையோடு அம்மாமார், டியூசன் முடித்த பெடியள், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்து தமிழ் தடுமாறும் பேரப்பிள்ளைகள். யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் மலையகத் தமிழும் ஒரே கல்வரிசையில் உட்கார்ந்து கதைக்கும். ஒரு பக்கம் கோயில் மணி, இன்னொரு பக்கம் பாங்கு. எல்லாவற்றுக்கும் நடுவே, மரைன் டிரைவ் ஓரத்தில் நிற்கிறபோது, மாத்தறை ரயில் கடலுக்கும் எங்களுக்கும் இடையே புகுந்து ஓடும். ஓடுகிற பெட்டிகளின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் சூரியன் வந்து வந்து போகும், பழைய படச்சுருளைக் கையால் இழுத்துப் பார்ப்பது போல. கடைசிப் பெட்டி போனதும் கடல் பழையபடி திறக்கும், சூரியன் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும். இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன்.

நேர் மேற்கே பார்த்தால் மாலைதீவின் வடமுனை, அதற்கும் அப்பால் சோமாலியாக் கரை. நடுவில் ஒன்றுமில்லை, தண்ணீர்தான். அங்கேயிருந்து புறப்பட்ட ஓர் அலை என் காலடிக் கல்லில் வந்து முடிகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தங்கச்சி இப்போது என்னோடு இருக்கிறாள். எங்கள் தொடர்மாடியில் பத்தாவது மாடி. எனக்கும் அவளுக்கும் ஒரு விளையாட்டு. நான் கல்லில் குந்தியிருந்து பார்ப்பேன், அவள் பல்கனியில் நிற்பாள், இரண்டு பேரும் தொலைபேசியில். கடைசித் துளி போனதும் நான் "முடிஞ்சுது" என்பேன். "எனக்கு இன்னும் இருக்கு அக்கா, இருக்கு, இருக்கு…" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அரை நிமிடம் அவளுக்கு மட்டும் சூரியன். சில நாள் நான் குந்தியிருந்துவிட்டுச் சடாரென்று எழும்பி நிற்பேன், எனக்கும் ஓரிரு விநாடி திரும்பக் கிடைக்கும். நாற்பத்தொரு வயதில் நான் கல்லில் குந்தி எழும்புவதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த ஒரு பெடியனும் குந்தி எழும்பினான். கண்டுபிடித்துவிட்டான்! அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு அழைப்பு இருக்கிறது. வட்டம் கடலுக்கு மேலே ஒரு விரற்கடையில் நிற்கும்போது அம்மாவுக்கு எடுப்பேன். கல்லடி எங்களுக்குக் கிழக்கே. அங்கே ஏழு நிமிடம் முந்திப் பொழுதுபட்டுவிடும்.

"என்ன மகள், இங்க விளக்கு வச்சாச்சு" என்பார் அம்மா. "அங்க இன்னும் கிடக்கா?"

"கிடக்கும்மா. இப்பதான் இறங்குது."

"காலமை எங்கட கடலுக்குள்ளயிருந்துதான் வந்தது" என்பார். "பார்த்து அனுப்பு."

ரயில் வருகிறது. சத்தத்தில் அம்மாவின் குரல் கேட்காது. அவரும் வைக்கமாட்டார், நானும் வைக்கமாட்டேன்.